காத்து இருக்கா?

“இந்த சைக்கிளைக் கொஞ்சம் எடுங்க சார், நாற்காலி உள்ள போகணும்.”

வாடகை நாற்காலிக்காரர் இரண்டு கைகளிலும் மடக்கு நாற்காலிகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நடைவழியில் சைக்கிள் குறுக்கே இருந்தது. தம்பி அதை உருட்டவில்லை. குனிந்து சட்டத்துக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தான்.

“சக்கரம் இருக்கே சார், உருட்டிட்டுப் போலாமே” என்றார் நாற்காலிக்காரர்.

உருட்டலாம். உருட்டினால் தெரிந்துவிடும். பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா இல்லையா என்பது நாலடி உருட்டினாலே கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். நேற்று காலையிலிருந்து தம்பி தெரிந்துகொள்ளாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வருவது அது ஒன்றைத்தான். சைக்கிளைப் பின்சுவரில் சாத்தினான். ஆள் ஏறாத சைக்கிளில் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

சைக்கிள் அக்காவுடையது. அக்கா முன்னறையில் பெட்டிக்குள் இருந்தாள். ஐம்பத்துமூன்று வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. “மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க” என்று இருபத்தெட்டு வருடமாக ஊர்ப்பட்ட ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள், நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு, ஊரிலிருந்து முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில், ஒரு தகரக்கூரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி இறந்துபோனாள். மாரடைப்பு என்றார்கள்.

ஜன்னலோரம் அத்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள். அச்சகத்திலிருந்து பையன்களில் யாரோ கொண்டுவந்து கொடுத்த இரங்கல் அறிவிப்பு. ஒட்டுவதற்கு முன் அவரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். அத்தான் அந்த அச்சகத்தில் பிழை திருத்துபவர். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் இடத்தில் கோடு போட்டார்.

“காலமனார்னு போட்டிருக்கீங்க. கால் விட்டுப்போச்சு” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்டாட்டி செத்துக் கிடக்கையிலும் இந்த மனுஷனுக்கு எழுத்துப்பிழைதானா என்று அவர்களுக்கு. தம்பிக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அத்தானால் தப்பாக இருக்கிற ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் அக்கா எழுதிய கடிதங்களைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

*

அறுநூறு கிலோமீட்டர், நான்கு நாள், கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் வரை. இதுதான் அக்காவின் திட்டம். “இதுவரைக்கும் நான் போன இடமெல்லாம் யாராவது அனுப்பிச்சுப் போனதுதான். ஒரு இடத்துக்காவது நானா போறேன்” என்றாள். அத்தானைக் கூப்பிட்டாள். அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூட்டு வலி. பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு நாற்பத்தேழு வயது, தனிக்கட்டை, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறவன். ஊரின் மறுகோடியில் குடியிருந்தான். நல்ல நாள் பெரிய நாளில் தலையைக் காட்டுவதோடு சரி. அவனுக்கு சைக்கிள் பைத்தியம் இருந்தது. அதைவிட, சைக்கிளைப் பற்றிப் பேசுகிற பைத்தியம். அக்கா அவனை “நிபுணர்” என்றுதான் கூப்பிடுவாள். “வாங்க நிபுணர், இன்னிக்கு என்ன சொல்லுது உலகம்?”

உலகம் டயரைப் பற்றித்தான் பேசியது. மூன்று வாரம். சைக்கிள் கடைக்காரரிடம் அவர்கள் எட்டு முறையாவது போயிருப்பார்கள். அவர் இரண்டு டயர்களை எடுத்து மேஜையில் போட்டார். ஒன்று முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தடிமன். ரப்பருக்கு அடியில் முள் ஏறாத பட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடியது. தூக்கினால் கை இறங்கியது. மற்றது இருபத்தெட்டு; மெல்லிசு; விரலால் மடக்கினால் மடங்கும்; எடை அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் “ரெண்டும் நல்லதுதான்” என்றார். அன்றுமுதல் அவர்களுக்குள் அவர் பெயரே அதுதான். “ரெண்டும்நல்லது கடை தொறந்திருக்கா?” என்பாள் அக்கா.

தம்பி மெல்லிசின் கட்சி. “அறுநூறு கிலோமீட்டர் இந்தக் கனத்தை ஏன் சுத்தணும்? சக்கரத்துல இருக்கற ஒவ்வொரு கிராமும் இரட்டிப்பாத் தெரியும்க்கா.”

அக்கா சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் இரண்டையும் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் பழைய இயந்திரத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டாள். ஃபிலிமைக் கொண்டுவந்து நடைவழி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். நோயாளி பெயர் போடுகிற மூலையில் ஒன்றில் “தடியன்” என்றும் இன்னொன்றில் “மெல்லிசு, வயது பூஜ்யம்” என்றும் எழுதியிருந்தது. அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, “பூஜ்ஜியம்னு இருக்கணும், ஒரு ஜி விட்டுப்போச்சு” என்றார்.

“நிபுணரே, இங்க பாருங்க. உங்க மெல்லிசுக்கு ஓரத்துல பட்டையே இல்ல. நடுவுலதான் இருக்கு” என்றாள் அக்கா.

“ஓரத்துல யாருக்கா ஓட்டறா?”

அக்கா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரி, நீ சொன்னா சரி” என்றாள்.

மெல்லிசையே போட்டார்கள். அதோடு விட்டானா? எடை குறைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பம்ப், ஒரே மாற்று டியூப் போதும் என்றான். அவை அவன் பையில் இருந்தன. அவன் வேகக்காரன், எப்போதும் முன்னால் போய்விடுவான். அதனால் ஓர் ஏற்பாடு. மணிக்கொரு முறை அவன் “காத்து இருக்கா?” என்று மெசேஜ் அனுப்புவான். அவள் “காத்திருக்கு” என்று பதில் போடுவாள். முதல் பயிற்சி ஓட்டத்தன்று ஒரு கண்ணாடிச் சில் குத்திவிட்டது. அப்போது அவள் அனுப்பியது: “காத்து இல்ல. அதான் காத்திருக்கேன்.” அதைப் படித்துவிட்டு அவன் நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நேற்று இரண்டாவது பயிற்சி. கால்வாய்ப் பாலத்து டீக்கடையில் உட்கார்ந்து ஏழு நாற்பதுக்கு “காத்து இருக்கா?” என்று அனுப்பினான். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது.

“காத்திருக்க.”

அவ்வளவுதான். காத்திருக்கு என்று அடிக்க வந்திருக்கிறாள், அவசரத்தில் பாதியில் அனுப்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். இன்னொரு டீ சொன்னான். குடித்துவிட்டு இன்னும் ஆறு கிலோமீட்டர் முன்னால் போய் ஒரு புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தான். எட்டு முப்பத்தைந்துக்கு அக்காவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ரொட்டி வேன் ஓட்டுகிறவர்.

“காத்திருக்கேன்” என்று அடிக்க வந்திருந்தால்? பின்சக்கரம் இறங்கி, பம்ப் கையில் இல்லாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் அந்த நிறுத்தம்வரை நடந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தால்? மருத்துவமனையில் தம்பி டாக்டரிடம், “அரை மணி முன்னாடி வந்திருந்தா?” என்று கேட்டான். “சொல்ல முடியாது சார். பொழைச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம்” என்றார் டாக்டர். அத்தான் அப்போது பக்கத்தில் நின்றார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அக்காவின் தலைக்கவசம், கைக்கடிகாரம், போன்.

சைக்கிளைத் தன் வேனில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து இறக்கிய ரொட்டி வேன்காரரிடம் டயர் எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஆளே போய்விட்டாள், இவன் டயரைக் கேட்கிறான் பார் என்று நினைப்பார். அவர் தானாகச் சொன்னது இதுதான்: “சைக்கிளைப் பக்கத்துல சாத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க சார். போகும்போது பாத்தேன், சும்மா இளைப்பாறுறாங்கன்னு நெனச்சேன். திரும்பி வரும்போதும் அப்படியேதான் இருந்தாங்க.”

*

பதினொரு மணிக்கு ரெண்டும்நல்லது வந்தார். கடையைப் பாதி மூடிவிட்டு வந்தேன் என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தம்பியைக் கண்ணால் வெளியே கூப்பிட்டார். அவர் ஸ்கூட்டரில் ஒரு பெரிய பை தொங்கியது.

“இதை என்ன பண்றதுன்னு தெரியல. கடைல வெச்சிருக்கவும் மனசு கேக்கல” என்றார்.

பைக்குள் நான்கு டயர்கள் இருந்தன. நான்கும் தடியன்.

“போன வியாழக்கிழமை அக்கா மட்டும் வந்தாங்க. ரெண்டு ஜோடி எடுத்து வைக்கச் சொன்னாங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு. கிளம்பறதுக்கு முந்தின நாள் மாத்திக்கலாம், அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதீங்க, காலைல சைக்கிளைப் பாத்துட்டு மயக்கம் போட்டு விழட்டும்னாங்க.”

தம்பி ஒரு டயரைக் கையில் எடுத்தான். எடையாக இருந்தது. “அப்ப மெல்லிசு சரியில்லன்னு அவளுக்குத் தெரியும்” என்றான்.

கடைக்காரர் வாயைத் திறந்தார். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லப்போகிறார் என்று தம்பி எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. “நான் அன்னிக்கே ஒழுங்கா ஒண்ணைச் சொல்லியிருக்கணும்” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, “நேத்து ஏதாவது பஞ்சர் கிஞ்சர் ஆச்சா?” என்று கேட்டார்.

“தெரியல” என்றான் தம்பி. அது உண்மைதான். அந்த உண்மை ஒரு கட்டைவிரல் தூரத்தில், பின்சுவரில் சாய்ந்திருந்தது. தம்பிக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. பயந்தாங்கொள்ளி, போய் அமுக்கிப் பாரேன்டா என்று சொல்லிக்கொண்டான். போகவில்லை.

பன்னிரண்டரைக்கு அக்கா மகள் வந்து சேர்ந்தாள். வேறு ஊரில் வேலை. வந்தவுடன் அம்மாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முடித்து முகம் கழுவப் போனவள், பின்கட்டில் தம்பி நிற்பதைப் பார்த்து வந்தாள்.

“சாப்டீங்களா மாமா?”

“ம்.”

“பொய் சொல்றீங்க.” அவள் பார்வை சைக்கிளில் விழுந்தது. “மூணு வாரமா போன் பண்ணா டயர் பேச்சுதான் மாமா. தடியன், மெல்லிசு, பட்டை, கிராம். எனக்குத் தலையே சுத்துச்சு. ஒருநாள் கேட்டேன், உனக்கு எதுதாம்மா வேணும், ஒண்ண முடிவு பண்ணித் தொலையேன்னு. அதுக்கு அம்மா என்ன சொன்னா தெரியுமா?”

“என்ன?”

“முடிவு பண்ணிட்டா உன் மாமா இந்தப் பக்கமே வரமாட்டானேடின்னா.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. மகள் சைக்கிளின் இருக்கையைத் தொட்டாள். எங்கே சக்கரத்தைத் தொட்டுவிடுவாளோ என்று அவன், “உள்ள போம்மா, அப்பா தனியா இருக்காரு” என்றான்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. கொண்டுபோனார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். வீட்டில் முன்னறை முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

*

“மச்சான், இந்த நாற்காலியெல்லாம் கொண்டு குடுத்துட்டு வந்துடறியா?” என்றார் அத்தான்.

நாற்காலிக்காரர் காலையில் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தம்பி அதைச் சொன்னான்.

“இல்ல, இன்னிக்கே போயிடட்டும். நீயே கூடப் போய் எண்ணிக் குடுத்துட்டு வா.”

அத்தான் எதையும் வற்புறுத்துகிறவர் அல்ல. இன்றைக்கு அவர் எது சொன்னாலும் செய்ய வேண்டியதுதான் என்று தம்பி ஒரு சிறு வண்டி பிடித்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனான். போக வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அக்கா மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றியிருந்தார். முன்னறைப் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த தன் சைக்கிள் பை பெஞ்சின் மேல் இருப்பதைத் தம்பி பார்த்தான். யாராவது கூட்டிப் பெருக்கியிருப்பார்கள்.

“வா” என்றார் அத்தான். பின்பக்கம் கூட்டிப்போனார். சைக்கிளுக்கு முன்னால் நின்றார். “நேத்திலேருந்து நீ இதைத் தொடாம சுத்திச் சுத்தி வர்றதைப் பாத்துட்டுதான் இருக்கேன். அந்த மெசேஜை நானும் பாத்தேன்.”

தம்பி மறைத்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது மறைந்திருக்கவே இல்லை.

“பிழை திருத்தறவன்கிட்ட பாதி வார்த்தையைக் குடுத்தா அவன் என்ன பண்ணுவான்? முன்ன பின்ன என்ன இருக்குன்னு பாப்பான். நீ என்ன கேட்டிருக்க? காத்து இருக்கான்னு. அவ வழக்கமா என்ன பதில் போடுவா?”

“காத்திருக்குன்னு.”

“அது கு. போன்ல அடிக்கும்போது, க அடிச்சாச்சுன்னா இன்னும் ஒரு தட்டுதான் பாக்கி. நீ பயப்படறியே, காத்திருக்கேன்னு, அதுக்கு மூணு தட்டு பாக்கி இருக்கணும். ஏகாரம் ஒண்ணு, ன ஒண்ணு, புள்ளி ஒண்ணு. உங்க அக்காவை எனக்கு இருபத்தேழு வருஷமாத் தெரியும். ஒண்ணு விடுவா. மூணு விட்டதே கிடையாது.” அத்தான் மூச்சு வாங்கினார். ஒரே தடவையில் அவர் இவ்வளவு பேசித் தம்பி கேட்டதில்லை. “அமுக்கிப் பாரு.”

தம்பி குனிந்தான். முன்சக்கரத்தை முதலில் தொட்டான். இருந்தது. பின்சக்கரத்துக்கு வந்தான். கட்டைவிரலை வைத்தான், கண்ணை மூடிக்கொண்டான், அமுக்கினான்.

கொஞ்சம்கூட உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது.

“காத்து இருக்கா?” என்றார் அத்தான்.

“இருக்கு அத்தான்.”

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதான். அவள் காத்திருக்கவில்லை. நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். காற்று இருக்கிறது என்று பதில் அனுப்பியிருக்கிறாள், பிறகு அவள் நேரம் வந்திருக்கிறது, அதற்கு மெல்லிசும் தடியனும் என்ன செய்யும்? அத்தான் அவன் முதுகில் கையை வைத்தார். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல வைத்துக்கொண்டே நின்றார்.

அன்று அவன் சாப்பிட்டான். இரண்டு முறை கேட்டுப் போட்டுக்கொண்டான். அக்கா மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். தம்பி முன்னறையில் பையைக் கால்மாட்டில் வைத்துப் படுத்தவன், அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான்.

*

விழிப்பு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. வெளியே யாரோ வாளியை இழுக்கிற சத்தம். ஏதோ ஒரு வீட்டில் குழந்தை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்று கடைக்குப் போக வேண்டும், இரண்டு ஜோடி லென்ஸ் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தான்.

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. புஸ், புஸ், புஸ். நின்றது. மறுபடி புஸ், புஸ்.

அந்தச் சத்தம் தம்பிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கைப்பம்ப். கைக்கடக்கமான சின்னப் பம்ப். உள்ளே வாஷர் தேய்ந்துபோய் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் இருமும். எடை குறைவு என்று தேடித் தேடி அவன் வாங்கியது. கால்மாட்டில் இருந்த பையைப் பார்த்தான். ஜிப் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்திருந்தது.

நேற்றுக் கல் மாதிரி இருந்த டயருக்கு இன்றைக்கு எதற்குக் காற்று?

எழுந்து உட்காரப்போனவன் அப்படியே படுத்துவிட்டான். நாற்காலிகளை இன்றே கொடுத்துவிட்டு வா என்றது, பெஞ்சின் மேல் ஏறியிருந்த பை, மாற்றியிருந்த சட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு தட்டு பாக்கியா, மூன்று தட்டு பாக்கியா என்பதும் வந்தது. தகரக்கூரைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளைப் பக்கத்தில் சாத்தியிருந்தாள். அவன் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று போர்வையின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

பின்கட்டில் பம்ப் விடாமல் இயங்கியது. படியேறினாலே மூட்டு வலிக்கிற மனிதர் குந்தி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பம்பில் ஒரு டயரை நிறைக்க முந்நூறு அடியாவது வேண்டும். நடுநடுவே நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். அடிக்கு அடி இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. ஓடிப்போய் அந்தக் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடலாம் என்று தம்பிக்குத் தோன்றியது. பிடுங்கினால் அப்புறம் அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும்? சத்தம் முழுக்க நிற்கும்வரை அசையாமல் கிடந்தான்.

காலடி முன்னறைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பையின் துணி லேசாகச் சரசரத்தது. காலடி திரும்பிப் போனது.

கொஞ்ச நேரம் விட்டு, தம்பி தேவைக்கு மேல் சத்தமாக இருமினான். கொட்டாவி விட்டான். போர்வையை உதறி மடித்தான். பிறகுதான் பின்கட்டுக்குப் போனான். குழாயடியில் அத்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். எப்போதும் சிவப்பு மை ஒட்டியிருக்கிற விரல்களில் கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தது. சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எழுந்துட்டியா? நல்லாத் தூங்கினியா?”

“நல்லாத் தூங்கினேன் அத்தான்.”

தம்பி சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினான். பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். அத்தான் குழாயை மூடவில்லை, தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“அப்படியே இருக்கு” என்றான் தம்பி.

“ம்” என்றார் அத்தான். குழாயை மூடினார்.

அக்கா மகள் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் அத்தான், “கடைக்குக் கிளம்பணுமா மச்சான்?” என்று கேட்டார்.

“போயிட்டு வந்துடறேன். இன்னும் ரெண்டு நாள் இங்கயே படுத்துக்கறேனே.”

“இரேன்.”

தம்பி முன்னறைக்கு வந்தான். பையின் ஜிப் இப்போது ஒழுங்காக மூடியிருந்தது. பையைக் கால்மாட்டிலிருந்து எடுத்து, குனியாமல் கைக்கு எட்டுகிற மாதிரி பெஞ்சின் மேல் வைத்தான். ஜிப்பை ஒரு சாண் திறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.